ஜெயித்த வழக்கு எப்படிக் கைவிட்டுப் போனது?

ஆர்பிட்ரேஷனில் ஜெயித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் முத்துநகர்ப் பக்கம் ஓர் எட்டு வந்து போகலாம்.

தூத்துக்குடித் துறைமுகத்தின் 7ஆவது தளத்தை கன்டெய்னர் முனையமாக்கி 30 ஆண்டுகள் நடத்த, பி.எஸ்.ஏ. சிகால் நிறுவனம் 1998 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. பெட்டிக்கு இவ்வளவு என்று துறைமுகத்துக்கு ராயல்டி, அதுவும் வருடா வருடம் ஏறும். கப்பல்காரர்களிடம் வாங்கும் கட்டணத்தை நிர்ணயித்ததோ வேறோர் ஆணையம்! அந்தக் கணக்கில் ராயல்டியைச் செலவாகக் காட்ட முடியாது என்றார்கள். வயிறு எரியத்தானே செய்யும்?

"சட்டமே மாறிவிட்டது" என்று நிறுவனம் நடுவர் மன்றம் போனது. 2014 பிப்ரவரியில் தீர்ப்பு: ராயல்டிக்குப் பதில் வருமானத்தில் பங்கு. மாவட்ட நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. 2021 ஜூலை 28 அன்று நாரிமன், கவாய் அமர்வு அந்த ரத்தை உறுதி செய்தது.

ஏன்? ராயல்டி செலவில் சேராது என்பது ஏலம் கேட்கும் முன்பே தெரிந்த விஷயம், அந்த ஆதாரத்தை நடுவர்கள் பார்க்கவே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதைவிடப் பெரிய அடி இன்னொன்று: ஒரு தரப்பு சம்மதிக்காமல் நடுவர்களே ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத முடியாது.

இங்கேதான் கம்பெனியின் சொந்த வக்கீல் வருகிறார். சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் என்பதால், நீதிமன்றத்தில் கவுன் மாட்டி வாதாட பார் கவுன்சில் விதி அவரை விடாது. ஆனால் பழைய கோப்பு எந்த பீரோவில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சீனியர் வக்கீலுக்கு அது எங்கே தெரியப் போகிறது? அவர் கட்டையே போன வாரம்தான் பிரித்திருப்பார்!

ஆகவே எதிராளியின் கண்ணால் முதலில் கோப்பைப் படிக்க வேண்டியவர் இவர்தான். ஏலத்துக்கு முந்தைய கேள்வி பதிலில் நமக்குப் பாதகமான வரி இருந்தால், அதை நாமே நடுவர்கள் முன் வைத்து விளக்கம் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அது உச்ச நீதிமன்றத்தில் தலை தூக்கும்.

அடுத்தது, என்ன கேட்கிறோம் என்பது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28(3) பிரிவு, ஒப்பந்த ஷரத்துகளைக் கணக்கில் கொள்ளும்படி நடுவர்களுக்கே சொல்கிறது. புது ஒப்பந்தம் கேட்டு மனு போடும்போது, அது நிற்காமல் போனால் என்று, இருக்கிற ஷரத்துக்குள்ளேயே கிடைக்கக்கூடிய இழப்பீட்டையும் மாற்றுக் கோரிக்கையாக, தொகையோடு, எந்த ஷரத்து என்ற எண்ணோடு, முதல் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.