இழைப்புளியும் கணிப்பொறியும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய வாரம் அது. பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்து நாம் அறைவீட்டுக்குத் திரும்பியபோது, நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் திண்ணையில் காத்திருந்தார். கோவிலின் பெஞ்சுகளில் பாதி அவர் கைவேலை. "தோத்திரம் சாமி" என்று எழுந்தவரின் முகத்தில் விழாக்காலக் களை இல்லை.

"மகன் மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறான் சாமி. வந்தும் என்ன? இராத்திரி ஒரு மணி வரை அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கம்பெனி வேலையா என்று கேட்டால் இல்லையாம். யாருக்கோ செய்கிற வேலை; ஒரு காசு கூலி கிடையாதாம். தங்கச்சி கல்யாணக் கடன் இன்னும் அடைபடவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்."

சொல்வதாக வாக்களித்தோம். தந்தையின் வியர்வையில் படித்த பிள்ளை இரவுகளை வீணாக்குகிறான் என்பதில் நமக்கும் ஐயம் இருக்கவில்லை. என்ன சொல்லிக் கண்டிப்பது என்றுகூட மனத்துள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டோம்.

மறுநாள் மாலை அந்த இளைஞர் வந்தார். முதற்கண் அவர் செய்வது இன்னதென அறிந்துகொண்டு, பின்பு கண்டிக்கலாம் என்று எண்ணி, "தம்பி, அப்படி என்னதான் வேலை அது?" என்று வினவினோம். அவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார்.

மனிதர் எழுதும் கட்டளைகளைக் கணிப்பொறி நேரடியாக அறியாது. அவற்றை அது அறியும் எண்மொழிக்கு மாற்றித் தர ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளனும் ஒரு நிரல்தான். கம்பைலர் என்பது அதன் பெயர். தமிழில் தொகுப்பி என்பர். 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்க அம்மையார் இத்துறையில் முதல் முயற்சிகளுள் ஒன்றைச் செய்தார். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பாரின் குழு ஃபோர்ட்ரான் மொழிக்கான கம்பைலரை வெளியிட்டது. இன்று உலகில் எண்ணற்ற கணிப்பொறி மொழிகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு.

இவ்விளைஞர் பணி செய்வது ரஸ்ட் என்னும் மொழியின் கம்பைலருக்கு. 2006-இல் கிரேடன் ஹோர் என்பவர் தனிமுயற்சியாகத் தொடங்கிய மொழி அது. 2009 முதல் மொசில்லா நிறுவனம் அதற்கு ஆதரவளித்தது. 2015 மே 15-ஆம் நாள் அதன் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. கணிப்பொறியின் நினைவகத்தைத் தவறான முறையில் தொடக்கூடிய நிரல்களை, அவை ஓடத் தொடங்குமுன்பே தடுத்து நிறுத்துவது அதன் சிறப்பு. மொழிபெயர்ப்புக்கு நெடுநேரம் எடுப்பது அதன் குறை. எழுதியவர் காத்திருக்க வேண்டும். ஒரு பிழை திருத்தினால் மீண்டும் காத்திருக்க வேண்டும். உலகெங்கும் பல்லாயிரவர் நாள்தோறும் பலமுறை இவ்வாறு காத்திருக்கின்றனர்.

"நீ அதை வேகமாக்கிவிட்டாயோ?" என்றோம், சற்று ஏளனமாகவே.

"இல்லை சாமி. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக, ஒரு சில இடங்களில்" என்றார் அவர்.

நமக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அவர் விளக்க விளக்கச் சிரிப்பு அடங்கிற்று. ஒரு பட்டியலில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்களே இருக்குமாம். அவற்றுக்காக ஒவ்வொரு முறையும் நினைவகத்தின் பெரிய கிடங்குக்குச் சென்று இடம் கேட்டு வாங்கி, பின் திருப்பித் தர வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு பொருள்களை இருந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளச் சிறு இடம் ஒதுக்கினால், கிடங்குக்குச் செல்லும் பயணம் மிச்சம். ஒருமுறை அது அற்பம். கோடி முறை நிகழும்போது அற்பமன்று. இன்னோரிடத்தில், பார்த்தால் மட்டும் போதுமான ஒன்றை வீணாக நகலெடுத்துக்கொண்டிருந்தனர். நகலை நீக்கினார்.

வேறொன்றும் சொன்னார். பலவகைப் பொருள்களில் ஏதேனும் ஒன்றை வைக்கத்தக்க பெட்டிகள் நினைவகத்தில் ஆயிரமாயிரம் உண்டு. எதையும் ஏற்க வேண்டியிருப்பதால், வகைகளுள் மிகப் பெரியதன் அளவுக்கே எல்லாப் பெட்டிகளும் அமைகின்றன. அந்தப் பெரிய பொருளோ எப்போதேனும் ஒருமுறை வருவது. அதனை வேறிடத்தில் வைத்து, பெட்டிக்குள் அதன் இருப்பிடக் குறிப்பை மட்டும் போட்டுவைத்தால், எல்லாப் பெட்டிகளும் ஒருசேரச் சிறுத்துவிடும்.

வேகத்தைச் சிறிதும் கூட்டாத பணிகளும் உண்டாம். எவரும் பயன்படுத்தாத வரிகளை அகற்றுவது, பொருள் விளங்காத பெயரை விளங்கும் பெயராக மாற்றுவது, ஒரே வேலையைச் செய்யும் இரு பகுதிகளை ஒன்றாக்குவது ஆகியவை அவை. "நாளை வருகிறவர் அந்த இடத்தில் தடுமாறாமல் இருப்பார் சாமி; அவ்வளவுதான் பயன்" என்றார்.

இத்தகைய சிறு திருத்தங்கள் உண்மையில் எங்கேனும் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்று கேட்டோம். அவர் மற்றொரு மொழியின் வரலாற்றைக் கூறினார். கூகிள் நிறுவனத்தில் பிறந்த கோ என்னும் மொழியின் கம்பைலர் முன்னர் வேறொரு மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2015 ஆகஸ்டில் அதனைக் கோ மொழிக்கே மாற்றி வெளியிட்டபோது, அதன் வேலை முன்பைவிட ஏறத்தாழ இருமடங்கு மெதுவாயிற்று. பின்னர் படிப்படியாகத் திருத்தி வந்தனர். 2017 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பு, அதற்கு முந்தியதைவிடச் சுமார் 15 விழுக்காடு விரைவானது என்றும், இன்னும் செய்ய வேண்டியது உண்டு என்றும் அவர்களே அறிவித்தனர்.

இதைக் கேட்டபோது புனித ஜெரோமை நினைத்துக்கொண்டோம். 382-இல் பாப்பரசர் தமாசூஸ் அவரிடம் ஒப்படைத்தது புதிய நற்செய்தி மொழிபெயர்ப்பு ஒன்றையன்று. வழக்கிலிருந்த பழைய இலத்தீன் பாடங்களைக் கிரேக்கத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தும் பணியையே. பொருள் பிறழ்ந்த இடத்தைத் திருத்தி, மற்றதை இருந்தவாறே விட்டார் அப்புனிதர். மொழிபெயர்ப்பாளரின் பாதுகாவலராக நாம் கொண்டாடுபவர் இவ்வாறு பிறர் எழுதிய வரிகளைத் துப்புரவு செய்யவும் அமர்ந்தவரே.

ஆயினும் கண்டிக்கவே வரவழைத்திருந்தோம். "எல்லாம் சரி தம்பி. கூலி இல்லாமல் ஏன்? வீட்டுக் கடன் தெரியாதா?" என்றோம்.

அவர் முகம் வாடிற்று. சம்பளத்தில் பாதியை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பி வருவதைச் சொன்னார். தாம் பிழைக்கும் கருவியைப் பலர் இலவசமாகச் செய்து தந்திருக்கையில், அதன் ஒரு மூலையையாவது துடைத்து வைக்க வேண்டும் என்று தோன்றுவதாகச் சொன்னார். பின்பு, "அப்பாவுக்குக் கடனைவிட இதுதான் வருத்தம் சாமி. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன், இப்போது அவரும் பேசுவதில்லை" என்றார்.

கண்டிக்க வைத்திருந்த சொற்கள் நம்மிடம் தங்கிவிட்டன. "நம்மிடம் சொன்ன பெட்டிக் கதையை உன் தந்தையிடம் சொல், பெட்டி செய்பவர் அவர்" என்று மட்டும் கூறி அனுப்பினோம்.

புனித முடியப்பர் திருநாளன்று அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். பட்டறையில் தச்சர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். மகன் அருகில் நின்றார். நம்மைக் கண்டதும் துணிவு வந்தவர்போல், பெட்டிகளின் கதையைச் சொல்லத் தொடங்கினார். தச்சர் இழைப்பதை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டபின் இழைப்புளியைக் கீழே வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அளந்து பார்த்தாயா?"

அந்த வினா நமக்குத் தோன்றியிருக்கவில்லை. மகனின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் அளப்பார்களாம். நேரத்தை மட்டும் அளந்தால் இயந்திரத்தின் வேறு வேலைகளால் கணக்குத் தவறும். ஆகவே எத்தனை கட்டளைகள் நிறைவேறின என்று எண்ணிப் பார்ப்பார்களாம். கம்பைலரில் சேரும் மாற்றங்களால் வேகம் கூடிற்றா குறைந்தா என்பதை எவரும் காணலாமாம். ஒருமுறை, உறுதியாக விரைவாகும் என்று மூன்று இரவுகள் உழைத்து ஒன்றை மாற்றினாராம்; அளந்தபோது முன்பைவிட மெதுவாயிருந்தது. தாமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம்.

தச்சர் சிரித்தார். "இழைப்பு மிஞ்சினால் பலகை போச்சு. நானும் கெடுத்திருக்கிறேன்" என்றார். பின்பு நம்மைப் பார்த்து, "இது இழைப்பு வேலை சாமி. வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும்" என்றார். மகனிடம், "ஆனால் இராத்திரி ஒரு மணி ஆகாது. சனிக்கிழமை செய். மற்ற நாளில் தூங்கு" என்றார். மகன் ஒப்புக்கொண்டார். கடன் அன்று அடைந்துவிடவில்லை. ஆனால் இருவரும் ஒரே இலைக்கட்டிலிருந்து இலை எடுத்து ஒன்றாக உண்ண அமர்ந்ததை நாம் கண்டோம்.

அன்றிரவு ஆன்ம சோதனைக்கு முழந்தாளிட்டோம். ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நாளுக்கு இருமுறை அதனை எண்ணி, கோட்டில் புள்ளியிட்டு, காலையை மாலையோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிடும்படி புனித இஞ்ஞாசியார் கற்பித்ததைக் குருமடத்தில் பயின்றவர் நாம். இளமையில் குறிப்பேட்டில் புள்ளியிட்டதும் உண்டு. எப்போது விட்டோம் என்பது நினைவில்லை. தச்சர் மகனிடம் கேட்ட கேள்வி நம்மையும் கேட்டது.

அப்போது நம் பழைய கோவிற்பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியுமுன் வந்து கதவு திறந்தவர், திரியை நறுக்கியவர், மெழுகைச் சுரண்டியவர், திருவுடைகளை மடித்து வைத்தவர். கோபுரத்துக்குப் பொருளுதவி செய்தோர் பெயர்களைக் கல்லில் பொறித்தோம், அது தகும். இவர் முதுமையால் பணியை விட்ட ஞாயிறன்று பீடத்தினின்று ஒரு சொல்லும் நாம் சொல்லவில்லை. பெரியதைக் காணப் பழகிய கண் நம்முடையது.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறி, "என்ன சாமி இது!" என்று எழ முயன்றார். அமர்ந்தபின், தம்மைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சக்ரீஸ்து அலமாரிக் கீலுக்கு எண்ணெய் விடுகிறார்களா சாமி? மாதம் ஒருமுறை விடாவிட்டால் திருப்பலி நேரத்தில் கிறீச்சிடும்" என்று மட்டும் கேட்டார். நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்பார்ந்த குடும்பங்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகையோர் இருப்பர். விளக்கின் கரியைத் துடைப்பவர், பிள்ளையின் புத்தகத்துக்கு அட்டை போடுபவர், கணிப்பொறிமுன் அமர்ந்து யாரும் காணாத ஒரு வரியைத் திருத்துபவர். அவர் செய்வது என்னவென்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் முழுவதும் சொல்ல விடுங்கள். மிகச் சிறியதில் உண்மையாயிருப்போரை நம் ஆண்டவர் எவ்வாறு மதித்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அந்தக் கோவிற்பிள்ளையின் பெயரைச் சொன்னோம். அதற்கு முன், சனிக்கிழமை மாலை, எண்ணெய்க் கிண்ணத்தோடு சக்ரீஸ்துக்கு நாமே சென்றோம். கீல் மூன்று. மூன்றும் வறண்டிருந்தன.