தண்ணீர் அலையும் ஒரு மன்னிப்பும்

போன வாரம் பேரன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "தாத்தா, நெட்டலைக்கும் குறுக்கலைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் விடுவேனா?

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் உதறினேன். அலை ஜன்னலை நோக்கி ஓடியது. கயிறோ மேலும் கீழும்தான் ஆடியது. அலை போகும் திசைக்குக் குறுக்கே ஆடுவதால் அது குறுக்கலை. ஒளியும் இந்த வகைதான்.

நெட்டலைக்கு ரேஷன் கடை வரிசையைச் சொன்னேன். கடைசியில் நிற்பவர் முன்னால் இருப்பவரைத் தள்ளினால், அந்தத் தள்ளல் ஆள் மாறி ஆள் போய் முதல் ஆளை இடிக்கும். யாரும் இடம் மாறவில்லை. கொஞ்சம் முன்னே சாய்ந்து நிமிர்ந்ததோடு சரி. ஆனால் ஆட்டம், அலை போகும் திசையிலேயே இருந்தது. ஒலி இப்படித்தான் காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வந்து நம் காதைத் தொடுகிறது.

"அப்ப தண்ணீர் அலை குறுக்கலைதானே தாத்தா?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடலோர ஊர். தண்ணீர் அலை குறுக்கலைக்கு உதாரணம் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் கை தூக்கினான். அப்பாவோடு கடலுக்குப் போகிற பிள்ளை.

"சார், வலை மிதவை மேலயும் கீழயும் மட்டும் ஆடாது. அலை வரும்போது முதல்ல அதுக்கு எதிரா கொஞ்சம் போகும். அப்புறம் மேலே ஏறி, கரைப்பக்கம் தள்ளி, கீழே இறங்கும். வட்டமா சுத்தும் சார்."

"பரீட்சையில குறுக்கலைன்னு எழுதினாத்தான் மார்க். உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

சில வருடங்கள் கழித்து வேறு ஒரு புத்தகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. ஆழமான நீரின் மேற்பரப்பில் நீர்த்துகள்கள் ஏறக்குறைய வட்டமாகத்தான் சுற்றுகின்றன. முகட்டில் அலையோடு முன்னே போகும், பள்ளத்தில் பின்னே வரும். குறுக்கசைவும் நெட்டசைவும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆழம் போகப் போக வட்டம் சிறுத்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் அநேகமாக ஒன்றுமில்லாமல் போய்விடும். பையன் சொன்னது அத்தனையும் சரி. அவன் அதைக் கண்ணால் பார்த்தவன். நான் புத்தகத்தில் மட்டும் பார்த்தவன்.

அதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். வெகுநாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். சொந்தமாகப் படகு வைத்திருந்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி, "அன்னைக்கு நீ சொன்னதுதான்பா சரி" என்றேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்று சிரித்து, என் இலையில் பாயசம் போடச் சொன்னான்.

எனக்கு மறக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி கை தூக்கவே இல்லை.

பேரனிடம் இதையும் சொன்னேன். அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதக்கும் எதையாவது கொஞ்ச நேரம் கவனியுங்கள். அந்தப் பையன் சொன்னது உங்களுக்கும் தெரியும்.