கைக்குச் சும்மா இருக்கும் உரிமை

மவுஸைக் கீழே வைத்துவிடலாம். கையைக் கழற்றி வைக்க முடியாது. சைகையால் இயங்கும் கருவிகளை வடிவமைக்கும் எவரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். மவுஸிலிருந்து கையை எடுத்த கணமே கணினியோடு நடந்த பேச்சு நின்றுவிடுகிறது. அதன்பிறகு மூக்கைச் சொறியலாம், காபி டம்ளரை எடுக்கலாம், பக்கத்து இருக்கைக்காரரிடம் கையை வீசிப் பேசலாம். எதுவும் கட்டளை ஆகாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் கைக்கு இந்த விடுதலை தானாகக் கிடைப்பதில்லை. வடிவமைப்பாளர்தான் அதை உண்டாக்கித் தர வேண்டும்.

தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் அணியும் ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடிகளுக்கு இடைமுகம் வடிவமைப்பது என் வேலை. கண்ணாடி வழியே எதிரில் இருக்கும் பம்ப்பும் தெரியும். எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்ற குறிப்பும் அதன் மேலேயே மிதக்கும். பக்கத்தைத் திருப்ப, படத்தைப் பெரிதாக்க, ஒரு படி முடிந்தது என்று சொல்ல அவர் காற்றில் விரலை அசைக்கிறார். இந்தத் துறைக்கு ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ‘எந்தச் சைகைக்கு எந்த வேலை?’ என்ற கேள்வியோடு வருகிறார்கள். நல்ல கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கை என்னென்ன செய்யும்போது கருவி பேசாமல் இருக்க வேண்டும்?

இதற்கு மிக அழகான விடைகளில் ஒன்று 1980-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் உருவாக்கிய ‘புட் தட் தேர்’ என்ற அமைப்பு அது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், சுவர் அளவுத் திரையில் இருக்கும் ஒரு வடிவத்தைக் கையால் சுட்டி ‘அதை’ என்பார். வேறோர் இடத்தைச் சுட்டி ‘அங்கே வை’ என்பார். வடிவம் இடம் மாறும். எது, எங்கே என்பதைக் கை சொன்னது. எப்போது என்பதைக் குரல் சொன்னது. குரல் எழாதவரை கை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றும் நடக்காது. சுட்டும் வேலையையும் முடிவு சொல்லும் வேலையையும் பிரித்து இருவரிடம் ஒப்படைத்ததில்தான் அதன் நுட்பம் இருக்கிறது.

பத்து ஆண்டுகள் கழித்து, கண்பார்வையால் கணினியை இயக்கும் ஆய்வில் ராபர்ட் ஜேக்கப் இதே சிக்கலைச் சந்தித்தார். பார்த்ததெல்லாம் தேர்வாகிவிட்டால் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. தொட்டதெல்லாம் பொன்னாகி, உணவைக்கூட உண்ண முடியாமல் போன மைடாஸ் மன்னரின் பெயரால் அந்தச் சிக்கலை இன்றும் எங்கள் துறையில் குறிப்பிடுகிறோம். 2010-இல் உடலசைவைக் கேமராவால் படிக்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வீட்டுக் கூடங்களுக்கு வந்தபோது, மெனுவில் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுக்க அதன்மேல் கையை அசையாமல் பிடித்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வட்டம் மெல்ல நிறைந்த பிறகே தேர்வு உறுதியானது. தவறான தேர்வை அது தடுத்தது. தடுத்த வலியைத் தோள்பட்டை சுமந்தது. 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ தலையணிக் கருவியில் கண் எது என்று காட்டுகிறது. விரல்கள் சேர்ந்து, எப்போது என்று சொல்கின்றன. உறுப்புகள் மாறியிருக்கின்றன. போல்ட் செய்த பிரிவினை அப்படியே இருக்கிறது.

அந்த விரல் சேர்க்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உப்பு எடுப்பதுபோல் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேரும் சிட்டிகை, இன்று ஏறக்குறைய எல்லாத் தலையணிக் கருவிகளிலும் முதன்மையான சைகை. காற்றுக்கு எதிர்விசை கிடையாது. காற்றில் தள்ளும் பட்டன் அழுந்தியதா என்பதை விரலால் அறிய வழியில்லை. சிட்டிகையில் தோலே தோலைத் தொடுகிறது. தொட்ட கணமும் விட்ட கணமும் நமக்கே தெரிகின்றன. கருவி ஒளிகாட்டி, ஒலியெழுப்பி உறுதி சொல்வதற்கு முன்பே உடம்பு உறுதி சொல்லிவிடுகிறது. 2016-இல் வெளிவந்த முதல் ஹோலோலென்ஸ் தலையணிக் கருவியில் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, கேமராவின் பார்வைக்குள் கையைத் தூக்கி, விரலை மடக்க வேண்டியிருந்தது. 2019-இன் ஹோலோலென்ஸ் 2-இல் மெனுவைத் திறக்கும் குறி மணிக்கட்டின் உட்புறத்தில் தோன்றுகிறது. மறு கை விரலால் அந்த இடத்தைத் தொட வேண்டும். தொடும் இடம் சொந்த மணிக்கட்டு என்பதால் விரல் தடுமாறுவதில்லை.

நம் ஊரில் பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுக் கணக்குப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண் வேறெங்கோ இருக்கும். வாய் வேறு பேசிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை பிசகாது. ஒரு விரலுக்கு மூன்று என்று நான்கு விரல்களில் பன்னிரண்டு இடங்கள். பார்க்காமலே எட்டக்கூடியவை, தொட்டதும் தெரிபவை. கட்டைவிரலால் விரல்களைத் தொடும் நுண்சைகைகளை ஆராய்கிறவர்கள் தேடுவதும் இப்படிப்பட்ட இடங்களைத்தான். புதிதாக ஒரு சைகையை வரையும்போதெல்லாம் நான் இந்தக் கணுக்கணக்கை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். பார்க்காமல் செய்ய முடிகிறதா? செய்து முடித்ததைத் தோல் சொல்கிறதா? பேச்சு தடைப்படாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அந்தச் சைகையை மேலே எடுத்துச் செல்கிறேன்.

கையின் ஓய்வு தோளில் தொடங்குகிறது. 2002-இல் வந்த ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ படத்தில் டாம் குரூஸ் இரு கைகளையும் உயர்த்தி ஒளித்திரைகளை வீசி நகர்த்தும் காட்சி, ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களின் கற்பனையைப் பிடித்துக்கொண்டது. எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஜான் அண்டர்கோஃப்லர் அந்தக் காட்சிகளுக்கு ஆலோசனை சொன்னவர். பார்க்க அது ஒரு நடனம். அதையே ஒரு பணிநேரம் முழுக்கச் செய்யச் சொன்னால் தோள் கெஞ்சும். காற்றில் நீட்டிய கை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தோள்மூட்டில் விழும் சுமையிலிருந்து கணக்கிடும் முறை ஒன்றை 2014-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கியிருக்கும் நிலைக்கும், நேரே நீட்டிப் பிடித்திருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அது எண்ணாகவே காட்டிவிடும். ஒரு சைகையை ஆவணத்தில் எழுதும் முன் அதை நின்றபடி, வேலை எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நானே செய்து பார்ப்பது என் வழக்கம். சோதனையின்போதும் என் கண் விரலைவிடத் தோளைத்தான் அதிகம் கவனிக்கும். அலுப்பு அங்கேதான் முதலில் ஏறும்.

சைகை உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அறுவை அரங்கைச் சொல்வேன். கிருமிநீக்கம் செய்த கையால் மருத்துவர் மவுஸைத் தொட முடியாது. தொடாமலே படத்தைத் திருப்ப முடிந்தால் பெரிய உதவி. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 2012-இல் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையின்போது கினெக்டைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே கைக்கு எத்தனை கட்டுப்பாடுகள் என்று எண்ணிப் பாருங்கள். தூய்மை கெடாமலிருக்க, கைகள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. மார்புக்கு மேலே அகன்று வீசவும் கூடாது. மேசையைச் சுற்றி ஆட்கள் நெருங்கி நிற்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் அதே திரையைக் காட்டி, அதே கையால், உடன் இருப்பவரிடம் ‘இங்கே பாருங்கள்’ என்று விளக்குவார். அந்தச் சுட்டல் சக மருத்துவருக்கு உரியது. கருவிக்கு அதில் பங்கில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாத கருவி எத்தனை சைகைகளை அறிந்திருந்தாலும் அரங்குக்குள் நுழையத் தகுதியற்றது.

தவறுகள் இரண்டு வகை. நான் செய்த சைகையைக் கருவி கவனிக்காமல் விடுவது ஒன்று; இன்னொரு முறை செய்வேன், கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான். நான் சொல்லாத ஒன்றைக் கருவி செய்துவிடுவது மற்றொன்று. அதன்பிறகு அந்த அறையில் கையை இயல்பாக அசைக்கவே மனிதர் தயங்குவார். இந்த இரண்டாவதை மிகக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் சந்தேகம் வந்தால் கருவி பேசாமல் இருக்கும்படியே எல்லைகளை அமைக்கிறேன். அழிப்பது, அனுப்புவது, ஓடும் ஒன்றை நிறுத்துவது போன்ற வேலைகளை ஒற்றைச் சைகையின் கையில் கொடுப்பதில்லை.

‘இயல்பான சைகை’ என்ற பேச்சையும் நான் எச்சரிக்கையோடுதான் கேட்கிறேன். 2009-இல் ஜேக்கப் வாப்ராக், மெரெடித் ரிங்கல் மாரிஸ், ஆண்ட்ரூ வில்சன் மூவரும் தொடுமேசைக்கான சைகைகளை மக்களிடமே கேட்டார்கள். விளைவை முதலில் காட்டி, ‘இது நடக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று 20 பேரிடம் வினவி, 1080 சைகைகளைத் திரட்டினார்கள். நகர்த்துவது போன்ற கண்முன் நடக்கும் வேலைகளில் பலரும் ஒன்றுபட்டார்கள். மெனுவைத் திற என்பதுபோன்ற அருவமான கட்டளைகளில் ஆளுக்கொரு வழி போனார்கள். ஊர் மாறினாலும் கை மாறும். நாம் ஒருவரை ‘வாங்க’ என்று அழைக்கும்போது உள்ளங்கை கீழே பார்க்கும். அமெரிக்காவில் மேலே பார்க்கும். எனவே நான் செய்வது இரண்டு. கண்முன் நடக்கும் வேலைகளுக்கு மட்டும் சைகை கொடுக்கிறேன். அருவமானவற்றைக் கண்ணுக்குத் தெரியும் பட்டனாகவோ குரலாகவோ வைத்துவிடுகிறேன். வலது கையில் ஸ்பேனர் இருக்கும் என்பதால் எல்லாச் சைகைகளும் இடது கையிலும் இயங்க வேண்டும். நடுங்கும் கை, விரல் குறைந்த கை இரண்டுக்கும் மாற்றுவழி இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் கருவி அடங்கியிருக்க வேண்டும் என்று கைக்குச் சொன்னது கண்ணுக்கும் பொருந்தும். ஐவன் சதர்லேண்ட் 1968-இல் தலையில் அணியும் திரையை உருவாக்கியபோது, அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் விமான வயரிங் வேலைக்காக இதை எண்ணிப் பார்த்தபோதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் நிலைத்தது. ரொனால்ட் அசூமா 1997-இல் அதற்கு மூன்று இலக்கணங்கள் சொன்னார்: மெய்யும் மெய்நிகரும் கலந்திருக்க வேண்டும், அந்தந்த நொடியிலேயே இயங்க வேண்டும், முப்பரிமாணத்தில் இடம் பிசகாமல் பொருந்த வேண்டும். மூன்றாவது மிகக் கடினமானது. அவர் காட்டிய கணக்கு எப்போதும் என் மேசையில் இருக்கிறது: நொடிக்கு 50 டிகிரி வேகத்தில் தலை திரும்பும்போது அமைப்பு 100 மில்லிநொடி தாமதித்தால் 5 டிகிரி பிழை வரும், 68 செ.மீ. தூரத்தில் அது 60 மி.மீ. விலகல். பம்ப்பில் ஆறு சென்டிமீட்டர் தள்ளி இருப்பது வேறொரு வால்வு. ஆகவே கருவிக்கு இடம் துல்லியமாகத் தெரியும்போது மட்டுமே கூரிய அம்பு வரைகிறேன். உறுதி குறைந்தால் அம்பு ஓர் அகன்ற வளையமாக மாறும். ‘இந்தப் பகுதியில் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லும். தெரிந்த அளவுக்கு மேல் கருவி உறுதி காட்டுவது பொய்.

இத்தகைய கண்ணாடிகளால் உலகத்தின்மேல் ஒளியைக் கூட்ட மட்டுமே முடியும், கழிக்க முடியாது. கறுப்பு என்று வரைந்தால் அங்கே ஒன்றும் தெரியாது. வெயிலில் எல்லாம் வெளுத்துவிடும். ஹோலோலென்ஸின் குவியம் சுமார் இரண்டு மீட்டரில் நிலைத்திருப்பதால், மிக அருகில் வைக்கும் எழுத்து கண்ணை வருத்தும். இவற்றைக் குறைகளாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இவை ஒழுக்கம் கற்பிக்கின்றன: குறைவாக வை, தேவைப்படும் இடத்தில் வை, இயந்திரத்தை மறைக்காதே.

குறிப்புகளைத் தலையோடு ஒட்டி வைக்கும் வழக்கத்தை நான் எதிர்ப்பதும் இதனால்தான். தலையோடு ஒட்டிய எழுத்து எங்கே திரும்பினாலும் கூடவே வரும். அதிலிருந்து தப்ப வழியில்லை. இயந்திரத்தோடு ஒட்டிய எழுத்தை, முகத்தைத் திருப்பி விட்டுவிடலாம். மவுஸைக் கீழே வைப்பதற்கு ஈடான விடுதலை கண்ணுக்கு அதுதான்.

சோதனைகளில் இந்த விடுதலையையே முதலில் அளக்கிறேன். கருவி உருவாகும் முன் அட்டையும் கண்ணாடித்தாளும் போதும். திரைக்குப் பின்னால் ஒருவர் கருவியாக நடிப்பார். பங்கேற்பவர் கட்டளையிடும் நேரத்தைவிட மற்ற நேரத்தில் கை என்ன செய்தது என்பதைக் குறித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சோதனையிலும் உடன் வேலை செய்பவரோடு பேச வைக்கிறேன். பேச்சில்லாத சோதனையில் கை பாதிதான் வெளிப்படும்.

2019-இல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் என்ற மென்பொருள், ஒரு சாதாரண கேமராவிலிருந்தே கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்துவிடுகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் மடிக்கணினியில் சைகைக் கருவி செய்யலாம். கையை அடையாளம் காண்பது எளிதாகிவிட்டது. அதனாலேயே வடிவமைப்பாளரின் பொறுப்பு கூடியிருக்கிறது. என்னோடு வேலை செய்ய வருபவர்களிடம் சைகைப் பட்டியலைப் பிறகு கேட்பேன். கருவி எப்போது கவனிக்கத் தொடங்குகிறது, எப்போது நிறுத்துகிறது, அது கவனிக்கிறதா இல்லையா என்பது அணிந்திருப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்ற மூன்றையும் முதலில் வரைந்து தரச் சொல்வேன். இந்த மூன்றும் தெளிந்துவிட்டால் சைகைகளைத் தேர்ந்தெடுப்பது சிரமமில்லை. இவை தெளியாமல் செய்த கருவியை, அதன் சைகைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலை செய்யும் ஒருவரின் தலையில் நான் மாட்ட மாட்டேன்.