சத்தமில்லாத வண்டி

பொங்கலுக்கு மகன் சென்னையிலிருந்து ஹைபிரிட் காரில் வந்திருந்தான். மேலூர் தாண்டியதும் ரோட்டிலேயே நெல் களம். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரே வைக்கோல் தூசி. அம்பாசடர் காலத்துப் பழக்கம், ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்துவிட்டேன். சத்தமே இல்லை, வண்டி அணைந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

"அப்பா, கையை எடுங்க!" என்று மகன் ஓடி வந்தான். பெட்டி இறக்கும் அவசரத்தில் அணைக்க மறந்திருக்கிறான். டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் என்ஜின் தானாகவே ஓட ஆரம்பித்தது. துணியோடு என் கை பெல்ட் பக்கம் இருந்திருந்தால்?

பிறகு முறையாகச் செய்தோம். வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் தள்ளி வைத்து, என்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அங்கேயும் இன்வெர்ட்டர் பக்கமும் கையும் படக்கூடாது, தண்ணீரும் அடிக்கக்கூடாது. பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் மேல் மூடிகளை மட்டும் துடைத்துக் காயவிட்டோம். ஹோஸுக்கு வேலையே இல்லை. வாட்டர் சர்வீஸுக்கு விட்டாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நரி பரியான கதைக்குச் சொந்தக்காரர் எங்கள் வாதவூரர். அந்த ஊர்க்காரனான நானே வெளித்தோற்றத்தை நம்பிவிட்டேன்!