இரண்டு இருக்கை போதுமான காலம்

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, தினமும் ஆபீஸ் போகணும், லீவு கிடைச்சா லாங் டிரைவும் போகணும். மஸ்டாங் வாங்கட்டுமா, மியாட்டாவா?" கல்யாணமாகி இன்னும் ஓராண்டு ஆகவில்லை. அக்காவோ நாலு பேர் உட்காருகிற வண்டிதான் வேண்டும் என்கிறாள். அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. கார் வியாபாரமும் அவள் பக்கம்தான். ஃபோர்டின் தண்டர்பேர்டு 1955 மாடலாக இரண்டு இருக்கையோடு வந்தது. 1958-ல் அதை நான்கு இருக்கையாக்கினார்கள், விற்பனை ஏறியது. 1964-ல் வந்த மஸ்டாங், ஸ்போர்ட்ஸ் கார் தோற்றத்தோடு பின் இருக்கையும் டிக்கியும் கொடுத்து, முதல் ஓராண்டிலேயே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆனால் அந்தப் பின் இருக்கை பெரியவர்களுக்கானதல்ல. இரண்டே கதவு. முன் இருக்கையைச் சாய்த்து, குனிந்து நுழைய வேண்டும். முழங்கால் வலியோடு அக்கா ஆறு மாதம் தங்கப் போனால் அது அவளுக்கு உதவாது. அம்மாவுக்காக மஸ்டாங் என்ற பேச்சே வேண்டாம்.

தினசரி ஓட்டத்தைப் பார். வி8 மஸ்டாங் ஜிடி 480 குதிரைத்திறன். காலை நேர 101 நெடுஞ்சாலை நெரிசலில் அதில் எவ்வளவைத் தொட முடியும்? இரண்டே இருக்கை கொண்ட மாஸ்டாவின் மியாட்டா 181 குதிரைத்திறன்தான். எடை ஏறக்குறைய ஒரு டன். அந்த எடைக்குறைவால் தெருமுனையில் திரும்பும்போதே ஓட்டுகிற சுகம் தெரிந்துவிடும். 1989-ல் அறிமுகமான இந்த வண்டி 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டது சும்மா இல்லை.

குறையும் உண்டு. டிக்கி 130 லிட்டர். இரண்டு சின்னப் பைக்குத்தான் இடம். ஸ்டெப்னி கிடையாது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றும் டயரும் போடும் சத்தம் காதை அலுக்க வைக்கும். ஒரே மூச்சில் வெகுதூரம் போவதற்கு மஸ்டாங்தான் மேல். ஆனால் பிக் சர் கடலோரமாக வளைந்து போகும் 1-ம் எண் சாலையில் யார் அவசரமாகப் போவார்கள்? கூரையை மடக்கிவிட்டு, பிக்ஸ்பி பாலத்தருகே நிறுத்தி நிறுத்திப் போக, புதுமணத் தம்பதிக்கு மியாட்டாவை விடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை.

குழந்தை பிறந்தால் இது ஒத்துவராது. ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது. அன்றைக்கு மனம் தளராமல் விற்றுவிடு. ஆனால் அந்த நாளை நினைத்து இன்றைய ஆசையை ஒத்திப்போடாதே. எங்கள் தலைமுறை எல்லாவற்றையும் 'பிறகு' என்று வைத்தது. வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணம் முடித்து நிமிரும்போது உடம்பு மாறியிருந்தது. தரையை ஒட்டிய அந்த இருக்கையில் இறங்கி உட்கார இடுப்பு வளைய வேண்டும். எனக்கு இப்போது வளையாது.

ஒன்று செய். ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் நேரத்தில், மியாட்டாவை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார். கிளட்சை மிதித்துக் கால் கடுத்தால் ஆட்டோமேட்டிக் எடு. இன்னொரு நாள் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டு. அவளுக்கும் பிடித்து, மாதத் தவணையும் சம்பளத்துக்குள் அடங்கினால் மியாட்டாவையே வாங்கு. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.