ஒரு விண்ணப்பமும் வற்றிய பீலியும்

சில மாதங்களுக்கு முன் தெமோதரைக்குப் போயிருந்தேன். தண்டவாளம் மலையைச் சுற்றி இறங்கி, புகையிரத நிலையத்திற்கு அடியிலேயே சுரங்கமாக நுழையும் அந்த வளைவைக் காண உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். நான் போனது ஒரு மாணவியின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுப்பதற்காக.

பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி. தாயார் கொழுந்து பறிப்பவர். தூய எரிசக்திக் கொள்கையை ஆராயும் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வழங்கும் நல்கைக்கு இரண்டு பக்க ஆய்வுத் திட்டம் கேட்டிருந்தார்கள். இவ்வகை நல்கைகள் மேலைநாடுகளில் இப்போது பெருகியுள்ளன. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கிளெய்ன்மன் எரிசக்திக் கொள்கை நிலையம் மாணவர்களுக்கு நல்கை கொடுப்பதோடு, அவர்கள் எழுதும் கட்டுரைகளையும் வெளியிடுகிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென 1947இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளையின் புலமைப்பரிசில்களை நம்மவர்கள் அறிவார்கள். அது படிப்பதற்கான உதவி. இதுவோ கேள்வி கேட்பதற்கான கூலி!

அவள் எழுதியிருந்ததைப் படித்தேன். 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறும் இலங்கையின் இலக்கு, சூரிய ஒளி, காற்றாலை... எல்லாம் சரியாகவே இருந்தன. எந்த நாட்டு மாணவரும் எழுதக்கூடியவை.

“இதில் உன் ஊர் எங்கே, பிள்ளை?” என்றேன்.

“எங்க ஊருல என்னா இருக்கு, சேர்?”

என்ன இல்லை? என் தகப்பனார் தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். கொழுந்தை வாட்டவும் தூளை உலர்த்தவும் வேண்டிய வெப்பம், இயந்திரங்கள் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரத்தைவிடப் பன்மடங்கு. அந்த விறகு எந்தக் காட்டிலிருந்து வருகிறது, வெட்டிய இடத்தில் மறுபடி நடுகிறார்களா என்பதே ஓர் ஆய்வு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீரே சுழலியை ஓட்டியது. தேசிய மின்கம்பி வந்ததும் அவற்றுட் பல துருப்பிடித்துப் போயின. இவற்றைச் சொல்லிக்கொண்டே போனபோது அவள் இடைமறித்தாள்.

“பண்டாரவளைப் பக்கத்துல எங்க பெரியம்மா வீட்டுப் பீலி நின்னு போச்சு, சேர். அத எழுதினா ஆய்வுன்னு ஏத்துக்குவாங்களா?”

சட்டென்று எனக்குப் பேச்சு வரவில்லை.

உமா ஓயாத் திட்டத்தைத்தான் சொன்னாள். 15 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான சுரங்கம். 120 மெகாவாட் மின்சாரம். புகையில்லாத, தூய மின்சாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்த பின்னர் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார்.

“ஏற்றுக்கொள்வார்கள்,” என்றேன். “ஆனால் பீலி நின்றது என்று மட்டும் எழுதினால் அது முறைப்பாடு. எந்த மாதம் நின்றது, அந்த ஆண்டு மழை எவ்வளவு, சுரங்கம் எத்தனை தூரத்தில், பக்கத்து ஊற்று ஏன் வற்றவில்லை, இழப்பீடு யாருக்குக் கிடைத்தது என்று லயம் லயமாகக் கேட்டு எழுது. மழை குறைந்ததால் வற்றியதையும் சுரங்கத்தால் வற்றியதையும் பிரித்துக் காட்டு. உனக்குப் பாதகமான விடை வந்தாலும் மறைக்காதே.”

இரவு பத்து மணிவரை இருந்து அந்த இரண்டு பக்கங்களையும் புதிதாக எழுதினாள். தாயார் இரண்டு தடவை தேநீர் கொண்டுவந்தார். நல்கை கிடைக்காவிட்டால் கொழும்பில் கடை வேலைக்கு அனுப்புவதென்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்களாம். அதை அவள் சொல்லவில்லை. புறப்படும்போது தாயார்தான் வாசலில் வைத்துச் சொன்னார்.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு செய்தி. உமா ஓயா பற்றி அந்நாட்களில் நான் எழுதியவற்றை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். பழைய கோப்புகளைத் தேடி எடுத்தேன். நான்கு கட்டுரைகள். மெகாவாட் இருந்தது, செலவு இருந்தது, அமைச்சர்களின் பேச்சு இருந்தது. ஒரு கிணறுகூட இல்லை.

நான்கையும் அப்படியே அனுப்பிவைத்தேன்.