கிதார் கேக்கப் போய் கடல்ல விழுந்த கதை

நாகப்பட்டினத்துக்காரன்னு சொன்னா போதும், "அப்போ நீச்சல்ல புலியா இருப்பீங்களே"ம்பாங்க. புலியெல்லாம் இல்லீங்க, பூனை. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு எனக்கு 7 வயசு. எங்க மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போய்ட்டாங்க. அதுல எங்க சின்ன மாமாவும் ஒருத்தர். அதோட அம்மா என்னைய கடல் பக்கமே விடல. வேளாங்கண்ணி போனாலும் கோயிலோட சரி.

இப்போ கொசுவத்தி சுத்திக்கோங்க. 2016 ஆகஸ்ட், சென்னையில இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ரூம்மேட் வந்து, "கோவளத்துல சர்ஃபிங், யோகா, மியூசிக் எல்லாம் சேர்த்து ஒரு திருவிழாடா, வர்றியா?"ன்னான். கேரளா கோவளம் இல்ல, நம்ம ஈ.சி.ஆர். கோவளம். நான் கிதார் கேக்கத்தான் போனேன், சத்தியமா :-)

அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் தானாவே சர்ஃபிங் கத்துக்கிட்டவர். அருண் வாசுவோட சேர்ந்து 2012-ல சர்ஃபிங் பள்ளி ஆரம்பிச்சார். 2013-ல முதல் திருவிழா. தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற மாசங்கள்ல அங்க அலை நல்லா வரும், அதான் ஆகஸ்ட்ல வெச்சாங்க.

காலையில போட்டி. நான் ஏதோ வெள்ளைக்காரங்க விளையாட்டுன்னு நினைச்சிட்டுப் போனா, அலை மேல நின்னது முக்கால்வாசி குப்பத்துப் பசங்க. கரையில வலை காய்ஞ்சிட்டு இருக்கு, பக்கத்துலயே சர்ஃப் போர்டு அடுக்கி வெச்சிருக்கு. ஒரு பாட்டி மீன்கூடையை இறக்கி வெச்சிட்டு பேரனைப் பாத்து, "ஏய், நேரா நில்லுடா!"ன்னு கத்துது. அந்தக் கடலும் அதே 2004-ஐப் பாத்த கடல்தானே? அந்தப் பாட்டிக்கு மட்டும் எப்படி மனசு வந்துச்சுன்னு எனக்கு ஒரே குடைச்சல்.

மத்தியானம் ரூம்மேட் தள்ளிவிட, கத்துக்குற வரிசையில நின்னுட்டேன். சொல்லிக் குடுத்த பையனுக்கு என்னைவிட வயசு கம்மி. "பயமா இருக்கா ண்ணா?"ன்னான். "லைட்டா"ன்னேன். பச்சைப்பொய், கால் ரெண்டும் தந்தி அடிச்சுது. இடுப்பளவு தண்ணி. போர்டுல குப்புறப் படுக்க வெச்சு, கணுக்கால்ல கயிறு கட்டினான். "அலையோட சண்டை போடாதீங்க ண்ணா, அது தூக்குறப்போ எழுந்திருங்க"ன்னு சொல்லித் தள்ளிவிட்டான்.

அஞ்சு தடவை விழுந்தேன். ஆறாவது தடவை ரெண்டு செகண்டு நின்னேன். மூணுன்னு கூட ரூம்மேட் ஒத்துக்கல, கடன்காரன்.

சாயங்காலம் கச்சேரி. மணல்ல உக்காந்து கேட்டா கிதாருக்கு நடுவுல அலைச் சத்தமும் தாளம் போடுது. அப்பப் பாத்து அம்மா போன்.

"எங்க தம்பி இருக்க? ஒரே சத்தமா இருக்கு."

"பாட்டுக் கச்சேரிம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. நாகப்பட்டினத்துக்காரிக்கு அலைச் சத்தம் தெரியாதா என்ன?

"கால் நனைச்சியா?"

"ம்."

திட்டுவாங்கன்னு காதைத் தள்ளி வெச்சுக்கிட்டேன். "தலையத் தொவட்டு, சளி பிடிக்கும்"னு மட்டும் சொல்லி வெச்சிட்டாங்க.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அவங்களே, "வா, கடக்கரை வரைக்கும் நடந்துட்டு வருவோம்"னாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு. தண்ணிக்குப் பத்தடி முன்னாடியே நின்னுட்டாங்க. நானும் பக்கத்துலயே நின்னுட்டேன். அன்னிக்கு அது போதும்னு தோணிச்சு.

டிஸ்கி: பக்கத்துல ஆள், கால்ல கயிறு, இடுப்பளவு தண்ணி. இது மூணும் இல்லாம யாரும் ஹீரோ ஆகாதீங்கப்பா.